பலகை, கயிறு, ரெண்டு பெரிசுகள்

எட்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு வார இதழ்ல அந்தப் படத்தைப் பார்த்தேன். இங்கிலாந்து கோதுமை வயல், நடுவுல காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி வட்டம். "வந்தவர்கள் யார்?"னு தலைப்பு. அன்னிக்கு ராத்திரி மொட்டைமாடியில படுத்து வானத்தையே பார்த்துட்டு இருந்தேன். ஒரு விமானம் கூட வரலை :-(

வந்தவங்க யாருன்னு தெரிய ஆஸ்திரேலியாவிலிருந்து ஆரம்பிக்கணும். 1966 ஜனவரியில், குயின்ஸ்லாந்தின் டல்லி ஊர்ல டிராக்டர் ஓட்டிட்டுப் போன ஒரு வாழை விவசாயி, சதுப்புக் குளத்திலிருந்து தட்டு மாதிரி ஒண்ணு கிளம்பிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் குளத்துக் கோரை சுமார் 30 அடி அகலத்துக்கு வட்டமா சுழன்று படுத்துக் கிடந்தது. சுழல்காற்றுன்னு சிலர் சொன்னாங்க. ஊர் நம்பலை.

சவுதாம்ப்டன்காரர் டக் போவர் சில வருஷம் ஆஸ்திரேலியாவில் குடியிருந்தவர். டல்லி கதை அவருக்குத் தெரியும். 1970களின் பிற்பாதியில், வின்செஸ்டர் பக்கம் ஒரு பப்பில் நண்பர் டேவ் சார்லியோட பியர் குடிச்சுட்டு நடக்கும்போது, "இந்தக் கோதுமையில ஒரு வட்டம் போட்டா பறக்கும் தட்டு இறங்குச்சுன்னு நம்புவாங்களா?"ங்கிற யோசனை வந்தது. கருவி? ஒரு பலகை, கயிறு, நேர்கோடு பார்க்கத் தொப்பியில மாட்டின கம்பி வளையம். அவ்ளோதான்!

முதல்ல யாரும் கண்டுக்கலை. அப்புறம் ஜனங்க பார்க்கிற மாதிரி சரிவுகளா பார்த்துப் போட ஆரம்பிச்சாங்க, பத்திரிகைகள் பிடிச்சுக்கிட்டன. டெரன்ஸ் மீடன்னு ஒரு வானிலை ஆராய்ச்சியாளர் இதெல்லாம் காற்றுச் சுழல்னு விளக்கினார். பெரிசுகளுக்கு ரோஷம் வந்துடுச்சு. நேர்கோடெல்லாம் சேர்த்து வரைஞ்சாங்க. காத்து நேர்கோடு போடுமா?

இதுல எனக்குப் பிடிச்ச இடம், டக் மனைவி காரின் மைல் கணக்கைப் பார்த்து, மனுஷனுக்கு வேற தொடுப்பு இருக்குன்னு சந்தேகப்பட்டதுதான். கடைசியில வட்டத்தைச் சொல்லித்தான் தப்பிச்சார்.

1991 செப்டம்பரில் 'டுடே' பத்திரிகையில் ரெண்டு பேரும் உண்மையை உடைச்சாங்க. அதுக்கு முன்னாடி பத்திரிகைக்காரங்க அவங்களை விட்டே ஒண்ணு போடச் சொல்லி, பேட் டெல்காடோவைக் கூட்டிவந்து காட்டினாங்க. ஓய்வுபெற்ற இஞ்சினியர், இதைப் பத்திப் புத்தகமே எழுதினவர். மனுஷன் செய்திருக்கவே முடியாதுன்னு சொல்லிட்டார் பாவம். விஷயம் தெரிஞ்சதும் ஏமாந்துட்டேன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார்.

எல்லாரும் டக், டேவைத்தான் கொண்டாடுறாங்க. 1992ல் இக் நோபல் கூட கிடைச்சது. எனக்கென்னவோ டெல்காடோ மேலதான் மரியாதை. மொட்டைமாடியில படுத்தவன் கட்சி அது. ஏமாந்தேன்னு ஊரறியச் சொல்ல என்னால முடியுமான்னு தெரியலை.

நம்பிக்கை மட்டும் ஓயலை. 2001ல் வில்ட்ஷயரின் மில்க் ஹில்லில் 409 வட்டங்களோட ஒரு பிரம்மாண்டம் வந்தது. "இதையும் ரெண்டு கிழவனுங்களா போட்டாங்க?"ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள டேவ் 1996லேயே போயிட்டார். டக் 2018 வரை இருந்தார். வித்தை கத்துக்கிட்ட இளவட்டங்கள் அதுக்குள்ள நிறைய பேர். அதில் ஒருத்தருக்கு 2000லேயே அங்கே கோர்ட் அபராதம் போட்டது, பயிரைச் சேதப்படுத்தினதுக்கு. படுத்த கோதுமையை மெஷின் ஒழுங்கா அறுக்காதுங்க. நான் பார்த்த அந்தப் படத்துல வயல்காரர் எங்கேயுமே இல்லை.