கோலி சோடாவின் கதை

வடசேரி சந்தைப் பக்கம் வெயிலில் அலைந்துவிட்டு, ஒரு பெட்டிக்கடையில் நின்று "அண்ணாச்சி, ஒரு நாரங்கா சோடா" என்று கேட்டிருக்கிறீர்களா? அண்ணாச்சி கோலியை அமுக்குவார், டப்பென்று சத்தம் வரும். உப்பு விழுந்த கண்ணாடி கிளாஸில் நுரை பொங்கி வழியும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் 250 வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது நண்பர்களே!

1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் வாயுவில், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார். நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான்! தண்ணீர் சுள்ளென்று ருசித்தது. கரைந்திருந்தது கார்பன் டை ஆக்சைடு. 1772-ல் செய்முறையை எழுதி வெளியிட்டார். ஆனால் அதை வைத்துக் காசு பார்த்தவர் அவர் இல்லை. 1783-ல் ஜெனீவாவில் சோடா தயாரித்து விற்கத் தொடங்கிய ஜேக்கப் ஷ்வெப்தான்.

அடுத்து வந்தவர் நம் வேதியியல் பாடப்புத்தகத்தில் வரும் வில்லியம் ஹென்றி. வெப்பநிலை மாறாதிருந்தால், திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1803-ல் சொன்னார். அழுத்தினால் கரையும், விட்டால் ஓடும். சூடும் இதற்கு எதிரி. சாதாரண அழுத்தத்தில் 1 லிட்டர் தண்ணீரில் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் வாயு கரையும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூடக் கரையாது. நம்மூர் வெயிலில் சோடாவின் காரம் போகாமல் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்!

சாதாரண கார்க்கை வாயு தள்ளிவிடும். இதற்கு வழி கண்டவர் லண்டன்காரர் ஹிராம் காட். 1872-ல் அவர் காப்புரிமை வாங்கிய பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கோலிக்குண்டு, வாயில் ஒரு ரப்பர் வளையம். தப்பிக்கப் பார்க்கும் வாயுவே கோலியைத் தள்ளி வாயை அடைத்துவிடும். திருடனையே காவலுக்கு வைத்த கதை!

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த இந்த பாட்டில் இங்கே ஒரு தொழிலையே உருவாக்கியது. மூடி வேண்டாம், மூடி போடும் இயந்திரமும் வேண்டாம். நல்ல தண்ணீர், ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றும் சோடா மெஷின் இருந்தால் போதும். பாட்டில்களை மெஷினில் வைத்துச் சுற்றும்போது தண்ணீர் குலுங்கி வாயுவோடு நன்றாகக் கலக்கும். கனமான பாட்டில் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால், தூரத்துக் கம்பெனியை விட உள்ளூர்க்காரருக்குத்தான் வசதி. அதனால்தான் ஊருக்கு ஊர் சோடா கம்பெனி இருந்தது. 1956 வரை நாஞ்சில் நாடு சேர்ந்திருந்த திருவிதாங்கூர் பக்கமும் இது பழகிய பொருள்தான். மலையாளத்தில் இதற்கு 'வட்டு சோடா' என்று பெயர்.

பெரிதாக வளர்ந்தவர்களும் உண்டு. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், பொவன்டோவோடு இன்றும் நிற்கிறது. ஆனால் 1993-ல் கோக்க கோலா இந்தியாவுக்குத் திரும்பியது. திருப்பித் தர வேண்டாத பிளாஸ்டிக் பாட்டிலும் பரவியது. உள்ளூர்க்காரரின் வசதி போயிற்று. சின்னச் சின்ன சோடா கம்பெனிகள் பல மூடப்பட்டன. 2017-ல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, உள்ளூர் பானங்களின் பெயர் மறுபடி வெளியே வந்தது.

இப்போது கோலி சோடா புது லேபிளோடு திரும்பி வந்திருக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. சந்தோஷம்தான். ஆனால் முன்பு அந்தக் கோலி அடைத்து வைத்திருந்தது வாயுவை மட்டுமல்ல, ஊர்க்காசு ஊரை விட்டுப் போகாமலும்தான். அடுத்த முறை 'டப்' சத்தம் கேட்டால் அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!