தீண்டாமைக்கு வரையறை எங்கே இருக்கிறது?

போன வாரம் அரசியலமைப்புச் சட்டத் தேர்வு எழுதிவிட்டு வந்த மாணவர்களோடு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற பிள்ளைகள்தான். வினாத்தாளை விரித்து வைத்து, நீ என்ன எழுதினே, நான் என்ன எழுதினேன் என்று ஒவ்வொரு கேள்வியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கேள்வியில் பேச்சு நின்றுவிட்டது. தீண்டாமையை வரையறுத்து, அதை ஒழிக்கும் சட்ட ஏற்பாடுகளை விளக்கச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று பேர் கைடில் இருந்த நான்கு வரியை அப்படியே எழுதியிருந்தார்கள். அரசியலமைப்பே அப்படி வரையறுத்திருக்கிறது என்றும் சேர்த்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "வரையறை எதுவும் இல்லைன்னு எழுதிட்டு, எங்க ஊர் டீக்கடையில ரெண்டு கிளாஸ் வெச்சிருந்ததைப் பத்தி எழுதினேன்" என்றார். "போச்சு, அந்தப் பத்து மார்க் போச்சு" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் எங்களைப் பார்த்து, "தப்பா தோழர்?" என்று கேட்டார்.

தப்பில்லை. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது, மீறினால் சட்டப்படி தண்டனை என்கிறது. தீண்டாமை என்றால் என்ன என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. இது யாரும் கவனிக்காமல் விட்டுப்போன விஷயமும் இல்லை.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. அப்போது வரைவில் அதன் எண் 11. நசிருத்தீன் அகமது ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மதத்தின் பேராலோ சாதியின் பேராலோ யாரையும் தீண்டத்தகாதவராக நடத்தக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள் என்றார். கே.டி. ஷா இந்தச் சொல்லுக்கு விளக்கமே இல்லையே என்று கேட்டார். சில நாட்களில் பெண்களைத் தீட்டு என்று ஒதுக்குகிறார்கள், துக்கத்தில் இருப்பவர்களை ஒதுக்குகிறார்கள், தொற்றுநோய் வந்தவர்களைத் தனியே வைக்கிறார்கள், இவையெல்லாம் இதில் வருமா, இதை வைத்து வக்கீல்கள் பிழைப்பு நடத்துவார்களே என்பது அவர் கவலை. நசிருத்தீனின் திருத்தத்தை ஏற்க முடியாது என்று அம்பேத்கர் சொல்லிவிட்டார். ஷாவுக்குப் பதில் சொல்கிறீர்களா என்று சபையை நடத்தியவர் கேட்டபோது, இல்லை என்றார். அவ்வளவுதான். சென்னை மாகாணத்தின் வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும், சபையில் இருந்த ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதனும் அன்று ஆதரித்துப் பேசினார்கள். பிரிவு நிறைவேறியதும் உறுப்பினர்கள் எழுப்பிய முழக்கம் காந்திக்கு ஜே. அந்த முழக்கத்தைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

அம்பேத்கர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதற்கு அவரவர் ஒரு காரணம் சொல்கிறார்கள். நாங்கள் படித்தவரையில், சாதியை அனுபவித்தவருக்கு அந்தச் சொல் விளக்கம் தேவைப்படாத சொல். பட்டியல் போட்டால் பட்டியலில் இல்லாத புதிய வடிவத்தைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு வாரம் போதும்.

பிறகு வந்த 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வரையறை தரவில்லை. கோயில், கிணறு, கடை, மருத்துவமனை என்று செயல்களை அடுக்கியது. தண்டனை அதிகபட்சம் 6 மாதம் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரு தரப்பும் சமரசம் பேசி முடித்துக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். கூலிக்கு நிலக்காரரை நம்பி இருப்பவர் எப்படிச் 'சமரசம்' ஆகியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1976 திருத்தம்தான் அந்த வழியை அடைத்தது. சட்டத்தின் பெயரும் அப்போதுதான் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. 1989இன் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டாலும் இன்றும் ஊரில் 'பி.சி.ஆர். கேஸ்' என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சம்.

அப்படியானால் கைடில் இருக்கும் நான்கு வரி யாருடையது? மைசூர் உயர்நீதிமன்றத்தின் தேவராஜையா எதிர் பத்மண்ணா வழக்குத் தீர்ப்பிலிருந்து வந்தது. அது தலித்துகள் தொடுத்த வழக்கே இல்லை. ஜைன சமூகத்துக்குள் ஒருவரைச் சமூக விலக்கம் செய்யச் சொன்ன தகராறு. 17ஆவது பிரிவில் அந்தச் சொல் மேற்கோள் குறிக்குள் இருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அகராதிப் பொருளில் அல்ல, இந்த நாட்டில் வரலாற்றுரீதியாக வளர்ந்த வழக்கம் என்ற பொருளில்தான் அதைப் படிக்க வேண்டும் என்றது. நல்ல விளக்கம்தான். ஆனால் அது நீதிபதியின் விளக்கம், அரசியலமைப்பின் வரையறை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் கவனமாகத் திருத்துபவர் மார்க்கைக் குறைப்பார்.

ஷாவின் கேள்வி 70 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. 2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பில், மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவதும் 17ஆவது பிரிவில் வரும் என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். அன்றைய விவாதத்தையும் அவர் எடுத்துப் பார்த்தார். வராது, அந்தப் பிரிவு சாதித் தீண்டாமைக்கானது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டு எழுதினார். சந்திரசூட்டின் வாசிப்பில் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டு, கொஞ்சம் தயக்கமும் உண்டு. சொல் விரியும்போது சாதி அதில் கரைந்துவிடக் கூடாது.

கீழே என்ன நடக்கிறது என்பது வேறு கதை. கர்நாடகத்தில் புதிதாகப் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தலித்துகளைத் துப்பாக்கி காட்டித் தடுத்தார்கள். உயர்நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தது. அப்பா பாலு இங்களே வழக்கு என்று படித்திருப்பீர்கள். 1992 டிசம்பரில்தான் உச்சநீதிமன்றம் தண்டனையை மீட்டது. காவல் நிலையத்தில் 'இது தீண்டாமை இல்லை, முன்விரோதம்' என்று சொல்லி மனுவைத் திருப்பித் தருவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். வரையறை இல்லாத இடத்தில் முதல் வரையறையை எழுதுபவர் எழுத்தர். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 1955 சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் வரை போனால்தானே அது.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னோம். மைசூர் தீர்ப்பை எழுதாமல் விட்டதற்கு மார்க் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு கிளாஸை நான் 3ஆவது பிரிவுன்னு போட்டுட்டேனே" என்றார். அது கோயிலுக்கானது. கடையில் வைத்திருக்கும் பாத்திரம் 4ஆவது பிரிவில் வரும். சிரித்த மூவரில் ஒருவர் அவசரமாகத் தன் நோட்டைப் புரட்டினார். அவரும் 3 என்றுதான் போட்டிருந்தார்.