தஞ்சைச் சத்திரங்கள்

அப்பூதியடிகள் தாம் கண்டறியாத திருநாவுக்கரசு நாயனாரது திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்து வழிச்செல்வோர்க்கு உதவினாரென்பது பெரியபுராண வரலாறு. அடியார்க்குச் செய்யும் மாகேசுர பூசை சிவபுண்ணியம். வருவோர் யாவர்க்கும் செய்யும் உதவி பசுபுண்ணியமே என்று எளிதிற் கூறியமைவாரும் உளர். அங்ஙனமாயின் அப்பூதியார் பந்தர் எவ்வகையிற் படும்? அடியார் திருப்பெயரை முன்னிட்டு, தம்பயன் கருதாது செய்யப்பட்ட அதனைப் பசுபுண்ணியமென ஒதுக்குதல் பொருந்தாது. தஞ்சை மராட்டிய மன்னர் சத்திரங்களை ஆராய்வார்க்கும் இவ்வினா எழுதல் இயல்பே.

காசி முதலிய வடபுலங்களினின்றும் இராமேசுவரம் நோக்கிச் செல்லும் யாத்திரிகர் தஞ்சை நாட்டைக் கடந்தே சேதுவை அடைவர். அவ்வழியிலே அரச குடும்பத்துப் பெண்மக்கள் பெயரால் சத்திரங்கள் பல எழுந்தன. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. சேதுபாவாசத்திரமோ ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. இவற்றிற்கு விடப்பட்ட நிலங்களின் வருவாயே அடுப்பெரியச் செய்தது.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். அவர் கையில் எஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் பெறும் ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குமே. சத்திர நிலங்களின் கதி யாதாகுமென்னும் அச்சம் அப்பொழுது எழுந்தது. 1801-இல் மன்னர் கும்பினியின் பிரதிநிதிக்கு விடுத்த கடிதம் அவ்வச்சத்திற் பிறந்ததே. நாடிழந்தார் ஒருவர் தமக்கென இரவாது ஏதிலார் சோற்றுக்காக வாதாடியமை கருதத்தக்கது.

அக்கடிதத்தால் அறியலாவன பல. அந்தணர் முதல் பறையர் ஈறாக யாவர்க்கும், யோகியர், சங்கமர், வைராகியர் என்றின்னோர்க்கும் அன்னம் இடப்பட்டது. சமைத்தது வேண்டாதார் அரிசியும் பிற பண்டங்களும் பெற்றனர். ஆசாரம் பற்றிய இடர்ப்பாட்டை இவ்வேற்பாடு எளிதிற் போக்கியது. எனினும் ஒருவரையும் வாயிலினின்று போக்கவில்லை. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் உளரேல் வருகவென அறிவித்தபின்னரே அன்றைய வழங்கல் முடிவுற்றது. நடக்கலாற்றாதார் தங்கியிருக்கும் நாளெல்லாம் உணவு பெற்றனர். பிணியுற்றார்க்கு மருந்தும் பத்தியமும், விடந்தீண்டினார்க்குச் சிகிச்சையும் கிடைத்தன. கருவுற்று வந்த மகளிர்க்குப் பிரசவச் செலவு சத்திரத்தாரதே. அதன்பின்னும் மூன்று திங்கள் அவர்கள் அங்கே தங்கலாம். சிறு மகவுகட்குப் பால் அளிக்கப்பட்டது. இறந்தார்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் கழிந்தது.

வழியிலே பெற்றோரை இழந்த குழந்தைகளின் நிலையே யாவினும் இரங்கத்தக்கது. ஊரும் உறவும் அறியாத அவர்களை உபாத்தியாயர் ஏற்றுக்கொண்டார். நாடொறும் மூன்று வேளை உணவு, நான்கு நாட்கொருமுறை எண்ணெய் முழுக்கு, உடை, விரும்பிய கல்வி, உரிய பருவத்தில் மணச்செலவு ஆகிய அனைத்தும் சத்திரத்தைச் சார்ந்தன. மானியம் காக்க வேண்டுவார் தம் அறத்தை மிகுத்துரைத்தல் கூடுமெனச் சிலர் ஐயுறலாம். ஆயினும் எண்ணெய் முழுக்கின் நாட்கணக்கு புகழுரைக்கு வேண்டுவதன்று. அது கணக்கர் ஏட்டினின்று வந்த செய்தியாகவே தோன்றுகின்றது.

ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் சரபோசி மன்னர் தாமே எழுப்பியது, ஆண்டு 1802. முத்தாம்பாள் அவர் அன்புக்குரியராயிருந்து மறைந்தவர், முடிசூடிய தேவியல்லர். அவர் பெயர் நிலைபெறுமாறு மன்னர் தேர்ந்தது பசித்தார்க்குச் சோறிடும் இடத்தையே. திருநாவுக்கரசர் பெயரைப் பந்தருக்கிட்ட அப்பூதியார் அன்பு வேறு நிலையினதெனினும், பெயரை அறத்திலே பதித்துவைக்கும் முறை ஒன்றேயாம். அங்கே உண்டியோடு கல்வியும் அளிக்கப்பட்டது.

1855-இல் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி இறந்தபின் தஞ்சை அரசு முடிவுற்றது. சத்திரங்களும் ஆங்கில அரசினர் மேற்பார்வையிற் சென்றன. புகைவண்டி வந்தபின் சேதுவழியில் நடந்துசெல்வோர் தொகையும் அருகிற்று.