கதர் உடுத்திய திரை: பானு அத்தையா

1927 நவம்பர் இறுதியில் மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கதர் நிதி திரட்டுவதே அப்பயணத்தின் தலையாய நோக்கம். அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1921 செப்டெம்பரில், மதுரையிலேதான் அவர் முழு உடையைத் துறந்து அரைத்துணியை ஏற்றிருந்தார். அவரது அரசியலின் பாதி, அவர் உடுத்த துணியில் எழுதப்பட்டது.

அந்தத் துணியைத் திரையில் மீண்டும் நெய்து காட்டிய பெண்மணி பானு அத்தையா. றிச்சர்ட் அற்றன்பரோவின் 'காந்தி' (1982) திரைப்படத்திற்காக 1983 ஏப்ரலில், ஜோன் மொல்லோவுடன் இணைந்து, ஆடை வடிவமைப்புக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். ஒஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அவரே.

1929இல் கோலாப்பூரில் பிறந்தவர் பானுமதி ராஜோபாத்யே. தந்தையார் அண்ணாசாகேப் ஓர் ஓவியர். மகளின் இளவயதிலேயே காலமானார். பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரியில் பயின்று, 1953இல் முற்போக்கு ஓவியர் குழுவின் கண்காட்சியில் தம் ஓவியங்களை வைத்தார். பெண்கள் சஞ்சிகையொன்றுக்கு ஆடைச் சித்திரங்கள் வரைந்ததே அவரைத் தையல் மேசைக்கும், பின்னர் திரைக்கும் அழைத்துச் சென்றது. குரு தத் தயாரித்த 'சி.ஐ.டி.' (1956) தொடங்கி 'பியாசா', 'சாகிப் பீபி அவுர் குலாம்', 'கைட்' என நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். 'ஆம்ரபாலி'க்காக (1966) அஜந்தாச் சுவரோவியங்களை ஊன்றிக் கற்றார். ஓவியரின் கண் அவரை விட்டு அகலவேயில்லை.

'காந்தி' படத்தின் சவால் வேறு விதமானது. தென்னாபிரிக்காவில் மேனாட்டு உடையணிந்த இளம் வழக்கறிஞர், 1948இல் ஒற்றைக் கதர்த்துணியோடு சாய்கிறார். இடையில் ஐம்பதாண்டுகளுக்கு மேல். ஒவ்வொரு மாற்றமும் ஓர் அரசியல் முடிவு. அது கண்ணை உறுத்தாமல் நிகழவேண்டும். பார்வையாளர் உடையை மறந்து மனிதரைப் பார்த்தார்கள் என்பதே அவரது வெற்றி என்பேன்.

மூன்றாண்டுகள் கழித்து அகிரா குரோசாவாவின் 'ரான்' படத்திற்காக ஜப்பானியரான எமி வாடாவும், 1993இல் 'டிராக்குலா'வுக்காக எய்கோ இஷியோகாவும் இதே விருதைப் பெற்றனர். பத்தாண்டுக்குள் மூன்று ஆசியப் பெண்கள்.

பின்னாளில் 'லேகின்', 'லகான்' படங்களுக்காக இந்திய தேசிய விருதுகளும் பானுவுக்குக் கிட்டின. ஆனால் என்னை உறுத்துவது 2012இல் அவர் செய்த காரியம். தமக்குப் பின் ஒஸ்கார் சிலை பாதுகாப்பாக இராது என்று அஞ்சி, அதை அமெரிக்க அக்கடமியிடமே திருப்பி ஒப்படைத்தார். 2020 ஒக்டோபரில், 91ஆம் வயதில், மும்பையில் மறைந்தார். அத்தனை பெரிய திரையுலகைக் கொண்ட நாட்டில் அச்சிலைக்கு நம்பிக்கையான ஓரிடம் அவருக்குத் தென்படவில்லை!

இதை எழுதும்போது எங்கள் மேடைகள் நினைவுக்கு வருகின்றன. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' நாடகத்தில் அரிச்சந்திரனாகத் தோன்றியதைக் குடாநாடே அறியும். முடி தரித்த மன்னன் சுடலை காப்பவனாகும் வீழ்ச்சியை, பாட்டோடு உடையும் சேர்ந்தே சொல்லவேண்டும். நாட்டுக்கூத்தின் கரப்புடுப்பையும் மின்னும் முடிகளையும் செய்த கைகள் எத்தனை! அண்ணாவிமாரின் பெயர்களையாவது எழுதிவைத்தோம். உடுப்புத் தைத்தவர்களின் பெயர்களை எழுதிவைத்தவர் மிகச் சிலரே. போரும் இடப்பெயர்வும் பெட்டகங்களில் இருந்தவற்றையும் சிதறடித்தன.

பழைய கூத்துடுப்பு ஒன்றாவது, ஒப்பனை அறையில் எடுத்த படம் ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கலாம். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு பெட்டிக்குள்ளும் இருக்கலாம். அதை எறிந்துவிடாதீர்கள். தைத்தவர் பெயர் தெரிந்தால் இன்றே அதன் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.