சாமியாரின் பூனையும் கணினியின் பொதிகளும்



கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்த சாமியார் கதை நமக்கெல்லாம் தெரியும். பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வந்தது. பசுவை மேய்க்க ஆள் வந்தது. கடைசியில் சாமியார் குடும்பஸ்தர் ஆனார். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அன்றாட அனுபவம். சின்ன மென்பொருள் ஒன்றைக் கேட்டால், அது சார்ந்திருக்கும் பொதிகள், அதாவது பேக்கேஜ்கள், கூடவே வரிசையாக வந்து இறங்கும். இந்தக் கதையில் நம் வளைகுடாப் பகுதிக்கும் பங்கு உண்டு.

1993-இல் இயான் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பைத் தொடங்கினார். 1996-இல் அவரிடமிருந்து பொறுப்பை ஏற்ற புரூஸ் பெரன்ஸ், அப்போது ரிச்மண்டில் இருந்த பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களின் பெயர் வந்தது அப்படித்தான். எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய நிலையற்ற பதிப்பின் பெயர் சிட். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாளில் ஒரு பொதியை நிறுவப் போனால், "இது இல்லை, அது இல்லை" என்று கணினி பட்டியல் போடும். ஒவ்வொன்றையும் நாமே தேடி இறக்க வேண்டும். 1999 மார்ச்சில் டெபியன் 2.1 பதிப்போடு வந்த 'ஆப்ட்' என்ற கருவி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஒரே கட்டளையில் எல்லாம் வந்து சேர்ந்தன. என்னென்ன வருகின்றன என்று பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது. 2009-இல் வந்த டெபியன் 5.0 முதல், கட்டாயமில்லாத, பரிந்துரைக்கப்படும் பொதிகளும் தாமாகவே இறங்கத் தொடங்கின.

இதன் விலை 2024-இல் தெரிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட், சிட் பதிப்பில் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை, வழக்கத்தைவிட அரை விநாடி தாமதித்தது. விடாமல் துருவிப் பார்த்தார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற பொதியில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தார்கள்! மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

எஸ்எஸ்எச்சுக்கும் கோப்பு சுருக்குவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. "நான் தயார்" என்று சிஸ்டம்டி என்ற மேலாளர் மென்பொருளுக்கு ஒரு வரி சொல்வதற்காக, டெபியன் போன்ற சில தொகுப்புகள் அதன் நூலகத்தை எஸ்எஸ்எச்சோடு இணைத்திருந்தன. அந்த நூலகமோ பதிவேடுகளைச் சுருக்க எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. கோவணம், பூனை, பசு!

அந்தப் பசுவைப் பார்த்துக்கொண்டவர் ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின். சம்பளம் இல்லாத வேலை. மனநலச் சிக்கல்கள் இருப்பதாக 2022-இலேயே எழுதியிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் உதவிக்கு வந்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு வேலையைக் காட்டினார். டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது போவதற்கு முன் பிடிபட்டதால், எத்தனையோ வழங்கிக் கணினிகள் தப்பின.

பிறகு எல்லோரும் பூனையை எண்ண ஆரம்பித்தார்கள். 2024 ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8, அந்த ஒரு வரியைத் தானே சொல்லக் கற்றுக்கொண்டது. அதற்கு நூலகம் தேவைப்படவில்லை. சிஸ்டம்டியில், எக்ஸ்இசட்டைத் தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் மாற்றம் கள்ளக்கதவு வெளிப்படும் முன்பே சேர்க்கப்பட்டிருந்தது.

நாமும் செய்யலாம். அடுத்த முறை ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி "சரியா?" என்று கேட்கும்போது, உடனே 'ஒய்' தட்டாமல் ஒருமுறை படியுங்கள். 'ஆட்டோரிமூவ்' கட்டளையால், எதற்கும் துணையாக இல்லாமல் தேங்கிப்போன பொதிகளை நீக்குங்கள். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் முகம் தெரியாத ஒருவர் இருக்கிறார். நம் வீட்டுச் சாவி அவர் கையில்தான் இருக்கிறது.