வெப்பநாட்டுக் கட்டடக்கலைக் கல்வியின் தோற்றம்

கட்டடத்தினுள் வாழ்வோர்க்கு வெம்மையுந் தண்மையும் அளவாக அமையுமாறு வகுக்கும் கலை தனிக்கல்வியாக வளர்ந்த வரலாற்றில் 1953ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. இங்கிலாந்திற் பயின்ற நைஜீரிய மாணவர் அடெயெமி என்பார், தாம் கற்பது குளிர்நாட்டுக்கே பொருந்துவதென உணர்ந்தார். அவரது தூண்டுதலால் அவ்வாண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வெப்பநாட்டுக் கட்டடக்கலை மாநாடு கூடிற்று. மறு ஆண்டே அந்நகரிலுள்ள கட்டடக்கலைச் சங்கக் கல்லூரியில் இதற்கெனத் தனித்துறை தோன்றிற்று. வெயில் அருகிய நகரில் வெயிலைக் கற்பித்தமை விந்தையே!

மக்ஸ்வெல் பிரைக்குப் பின் அத்துறையை நெடுங்காலம் நடத்தியவர் ஒட்டோ கேனிக்ஸ்பேர்கர். இவர் ஹிட்லராட்சியில் 1933இற் பதவியிழந்து, எகிப்து சென்று, 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞரானவர். மைசூரிற் பட்டறிந்ததையே இலண்டனிற் போதித்தார் எனலாம். ஈரவெப்ப நாட்டில் வியர்வை உலர்தற்குக் காற்று உடலைத் தழுவிச் செல்லவேண்டும். ஆதலின் எதிரெதிர்ச் சாளரங்களும் மெல்லிய சுவர்களும் ஏற்றன. வறள்நாட்டிலோ தடித்த சுவர் பகல்வெப்பத்தை உள்வாங்கி இரவிலே விடும். பகலிற் சாளரத்தை அடைத்தலே நன்று.

வெப்பம், ஈரப்பதன், மழை, காற்று ஆகியவற்றை மாதவாரியாக அட்டவணைப்படுத்திய பின்னரே வரைபடந் தொடங்குதல் அங்கு வளர்ந்த முறை. அது மகோனி அட்டவணை என்னும் பெயரால் 1971இல் ஐக்கிய நாடுகள் வெளியீட்டில் இடம்பெற்றது. அவ்வாண்டே அத்துறையும், முன்னர் மாநாடு கூடிய பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தது.