மௌனம் பயிற்றிய பள்ளி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஆக்வொர்த் என்னும் சிற்றூரிலே, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென எழுப்பப்பட்ட இல்லம் 1773-இல் மூடப்பட்டது. குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தினர், மருத்துவர் ஜான் ஃபாதர்கில்லின் முயற்சியால் அதனை வாங்கி, 1779-இல் பள்ளி தொடங்கினர்.

குருமாரும் போரும் வேண்டாதவர் குவேக்கர். அக்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் அவர்களுக்கு எட்டாதவை. ஆகவே தம் பிள்ளைகளின் கல்வியைத் தாமே பேணினர். செல்வமற்ற குடும்பத்துச் சிறுவரோடு சிறுமியரும் தொடக்கம் முதலே அங்குப் பயின்றனர். வழிபாட்டில் அனைவரும் மௌனமாக அமர்ந்தனர்.

அங்குப் பயின்றவருள் ஒருவர் ஜான் பிரைட். 1854-இல் பிரிட்டன் இறங்கிய கிரிமியப் போரை நாடாளுமன்றத்திலே கண்டித்தார். 1857 தேர்தலில் மான்செஸ்டர் தொகுதியை இழந்தார். மௌனத்தில் வளர்ந்த மனச்சான்று, பேசவேண்டிய வேளையில் வாய்மூடி இருக்கவில்லை.